தீவு வணிகரும் வரிப் படிவங்களும்



அரசுக்குக் கணக்குக் காட்டுவது வணிகரின் கடமை. அதற்கான கருவியை அவர் கைக்கு எளிதாக அமைத்துத் தருவது யாருடைய கடமை? அந்தமான் நிக்கோபார் தீவுகளை முன்னிறுத்தி இதனைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. விற்பனை விவரம் 10ஆம் தேதி, கொள்முதல் விவரம் 15ஆம் தேதி, தொகுப்பறிக்கை 20ஆம் தேதி என மாதந்தோறும் 3 படிவங்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஆண்டறிக்கையையும் சேர்த்தால் 37. எல்லாம் இணையத்தின் வாயிலாக! தீவுகளிலோ அந்நாளில் இணையம் செயற்கைக்கோள் வழியே மட்டுமே கிடைத்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் இயங்கத் தொடங்கியது 2020 ஆகஸ்ட் 10 அன்றுதான்.

எனினும், இணைப்பு மட்டுமே இடர் என்பதற்கில்லை. தீவுகளில் விற்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி கப்பலேறி வருவது. சென்னை வணிகர் தம் பட்டியலைப் பதிவு செய்யாவிடில், தீவு வணிகரின் கொள்முதல் கணக்கு அதனுடன் ஒத்துப்போகாது. படிவத்தை வகுத்தோர் ஒப்புநோக்கும் துறையின் தேவையை நன்கு எண்ணினர். நிரப்புவோரை எண்ணினரா என்பது ஐயமே.

பின்னர் திருத்தங்கள் வந்தன. கொள்முதல் படிவமும் தொகுப்புப் படிவமும் 2017 நவம்பரில் ஒத்திவைக்கப்பட்டன; முதலிரு மாதங்களுக்கென வந்த சுருக்கப் படிவமே நிலைத்துவிட்டது. ஆனால், என் கருத்தில் மிகச் சிறந்த சீர்திருத்தம் 2020 ஜூன் 8 அன்று வந்த சிறியதொன்றுதான். வாங்குதலும் விற்பனையும் இல்லாத மாதத்துக்குரிய வெற்று அறிக்கையை, கைப்பேசிக் குறுஞ்செய்தியாக 14409 என்னும் எண்ணுக்கு அனுப்பலாம். திரும்பி வரும் 6 இலக்கக் குறியீட்டை மறுபடி அனுப்பி உறுதி செய்தால் போதும். கணினி வேண்டா, இணையமும் வேண்டா. அதற்கு முன், ஒன்றும் விற்காதவரும் அதைச் சொல்லத் தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்த நேர்ந்தது.

2021 ஜனவரி முதல், 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளோர் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்க வழி செய்யப்பட்டது. வரியை மட்டும் மாதந்தோறும் செலுத்த வேண்டும்.

கொள்முதல் விவரத்தை இப்போது வணிகர் எழுத வேண்டியதில்லை. விற்றவர் பதிவு செய்ததைக் கொண்டு கணினியே மாதந்தோறும் 14ஆம் தேதி வாக்கில் பட்டியலிட்டுத் தருகிறது. ஆனால் அப்பட்டியலில் இல்லாத கொள்முதலுக்கு உள்ளீட்டு வரி வரவு இல்லை என 2022 ஜனவரி முதல் சட்டமே கூறுகிறது. ஆகவே, பட்டியலில் ஒரு கொள்முதல் விடுபட்டிருப்பின், தீவு வணிகர் இன்றும் சென்னைக்குத் தொலைபேசியில் பேசி, விற்றவரை வேண்டிக்கொள்ள வேண்டியுள்ளது. இதற்கு எந்தப் படிவமும் இல்லை.