மறுக்க முடியாதவன் பங்காளி ஆவானா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சுரங்க முதலாளிகள் இப்பொழுது புதிய ராகம் பாடுகிறார்கள். பழங்குடி மக்களின் நிலத்தைப் பறிக்க மாட்டார்களாம். அவர்களைப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்வார்களாம்! கேட்க இனிக்கிறது. ஆனால் எப்படிப்பட்ட பங்கு என்று நாம் உரைத்துப் பார்க்க வேண்டும்.

பசிபிக் கடலில் பூகன்வில் என்றொரு தீவு. அங்கே பெரும்பாலும் நிலம் தாய்வழியில் இறங்குவது. அத்தீவின் பங்குனா மலையில் தாமிரம் அகப்பட்டது. அப்பொழுது ஆட்சி ஆஸ்திரேலியாவுடையது. 1967-ல் காலனி சர்க்காரும் ரியோ டின்டோ கூட்டத்துக் கம்பெனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. நிலத்துக்காரரின் சம்மதம் கேட்கவில்லை. பூமிக்கு அடியில் உள்ளது சர்க்கார் சொத்து என்பது அவர்கள் சட்டம். 1969-ல் சுரங்கத்தின் துறைமுகத்துக்காக ரோரோவானா கிராமத்து நிலத்தை அளக்க வந்தார்கள். பெண்கள் அளவுக்கல்லைப் பிடுங்கினார்கள். போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் பதில் சொன்னது.

1972-ல் சுரங்கம் ஓடத் தொடங்கியது. ஏற்றுமதி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றேகால் ராயல்டி. அந்த ஒன்றேகாலிலும் நூற்றுக்கு ஐந்துதான் நிலத்துக்காரருக்கு. கணக்குப் போடுங்கள்: நூறு ரூபாய்த் தாமிரத்துக்கு ஆறேகால் காசு! நஷ்டஈடு என்று தனியே சில தொகைகள் கொடுத்தார்கள். ஆனால் நூறு கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவை ஆறுகளில் கொட்டினார்கள். மீனும் போயிற்று, தோட்டமும் போயிற்று. 1988-ல் கிளர்ச்சி வெடித்தது, மின்கோபுரங்கள் சாய்ந்தன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. பத்தாண்டு நடந்த யுத்தத்தில் 10,000 முதல் 20,000 பேர் வரை மாண்டதாக மதிப்பிடுகிறார்கள்.

அதே 1989-ல் அலாஸ்காவில் ரெட் டாக் என்ற துத்தநாகச் சுரங்கம் வேலையைத் தொடங்கியது. அங்கே நிலமும் தாதுவும் இனுப்பியாக் மக்களின் நானா கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். ஆகவே 1982-ல் கம்பெனி அவர்களுடன் பேரம் பேசித்தான் தீர வேண்டியிருந்தது. போட்ட முதல் திரும்பியபின் நிகர லாபத்தில் நூற்றுக்கு 25. ஐந்தாண்டுக்கு ஒரு முறை 5 கூடி 50 வரை ஏறும். இது கருணையல்ல, சொத்துரிமை கையில் இருந்த பலம். அப்படியும் கீழ்க்கரைக் கிவலினா மக்கள் தண்ணீர் கெடுகிறதென்று 2004-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். பணப்பங்கு மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி.

பூகன்வில் மக்களும் பாடம் கற்றார்கள். தாது நிலத்துக்காரருக்கே சொந்தம், அவர்கள் சம்மதமின்றிச் சுரங்கம் இல்லை என்று 2015-ல் அவர்களுடைய சட்டசபை சட்டம் செய்தது.

தோழர்களே! போனஸ் பேசும்போது ஆலை முதலாளியிடம் வரவுசெலவைக் காட்டு என்கிறோம். களத்தில் கூலி நெல் வாங்கும்போது மரக்காலைச் சோதிக்கிறோம். சுரங்கத்துக்கும் அதே நியாயம்தான். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை, கணக்கைப் பார்க்கும் உரிமை, ஆற்றைக் காக்கும் உரிமை: இந்த மூன்றும் உள்ளவனே பங்காளி. இல்லாதவன் கையில் விழுவது பங்கல்ல, பிச்சை.