பறித்த பின்னும் உயிர் வாழும் காய்கனிகள்

 

அறுவடைக்குப் பின் காய்கனிகளைத் தாக்கும் நோய்களைப் பற்றியும், அவற்றைச் செடிகொடிகள் தாமே எதிர்த்து நிற்கும் வகையைப் பற்றியும் இன்று பேச விழைகிறோம். கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் அழுகலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பொங்கலூர்ப் பக்கம் வெங்காயம் பிடுங்குவோரிலும், மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை சுமப்போரிலும், சிறுமுகையில் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுவோரிலும் நம்மவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியேயாகும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்வோம். பறித்த காய் செத்த பொருள் அன்று. அது மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது, தன்னைத் தாக்க வரும் பூசணத்தோடு போராடுகிறது. அதன் தோலும் தோலின் மேலுள்ள மெழுகுப் பூச்சும் கோட்டை மதில் போன்றவை. மதிலுக்குள்ளே வேதிப் பொருள்களாலான படைக்கலங்களும் உண்டு.

நம் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாக்கர் என்னும் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு வினாவை எழுப்பினர். வெங்காயத்தின் மேல்தோலில் கரும்படையை உண்டாக்கும் ஒரு பூசணம் வெள்ளை வெங்காயத்தைத் தாக்குகிறது. சிவப்பு வெங்காயத்தை ஏன் தாக்குவதில்லை? சிவந்த உலர்தோலிலுள்ள ஒருவகை அமிலம் நீரில் கரைந்து, பூசண வித்தை முளைக்கவிடாமல் தடுக்கிறது என்பதை 1929இல் அவர்கள் வெளியிட்டனர். நாம் உரித்துக் குப்பையில் எறியும் சருகு, வெங்காயத்திற்குக் கவசமாக இருக்கிறது!

ஆயினும் அக்கவசம் எல்லாப் பகைவரையும் தடுக்காது. கரும்பூசணமும் அழுகல் பாக்டீரியாவும் தாள் அறுத்த ஈரக் கழுத்தின் வழியே உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் நம் பெரியவர்கள் வெங்காயத்தை நிழலில் உலர்த்தி, கழுத்து சுருங்கிய பின்னரே பட்டறை போட்டார்கள். தரையினின்று உயர்த்தி, காற்றோட்டம் விட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்த அந்தப் பட்டறையில் அறிவியல் இருக்கிறது. அதைக் கட்டிய கைகளுக்கு அறிஞர் என்ற பெயரை எவரும் சூட்டவில்லை.

உருளைக்கிழங்கு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். வெட்டுப்பட்ட இடத்தில் தக்கை போன்ற புதுத்தோல் படரும். அதற்கு மிதமான வெப்பமும், காற்றும், ஏறக்குறைய இரண்டு வார காலமும் வேண்டும். அந்த அவகாசம் தராமல் ஈரத்தோடு சாக்கில் திணித்தால், ஒரு கிழங்கின் அழுகல் மூட்டை முழுவதையும் கெடுத்துவிடும்.

மாம்பழத்தின் கதை வேறு. கரும்புள்ளி நோயின் பூசணம் மழைக்காலத்தில் மரத்திலேயே காயின் மேல் வந்து அமர்ந்துவிடுகிறது. பச்சைக்காயின் தோலிலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் அதை உறங்க வைக்கின்றன. காய் கனியக் கனிய அப்பொருள்கள் குறைகின்றன, பூசணம் விழித்தெழுகிறது. வாழைப்பழத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. ஆகவே மண்டியில் கறுத்த பழத்தைக் காட்டி, "நீ போட்டு உடைத்தாய்" என்று கூலியைப் பிடிப்பவரிடம், "ஐயா, இந்நோய் மரத்திலேயே வந்தது" என்று சொல்லும் அறிவு நமக்கு வேண்டும். அடிபட்ட பழம் விரைவில் அழுகும் என்பதும் உண்மையே. மூட்டைக் கணக்கில் கூலி கொடுத்து விரட்டினால், எந்தக் கை மெதுவாக இயங்க முடியும்?

இனி, மருந்தென்றால் நஞ்சு மட்டும்தானா? மாங்காயைச் சுமார் 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் அமிழ்த்தினால் கரும்புள்ளி நோய் பெரிதும் அடங்கும். நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கை ஆய்வாளர்களோடும் சேர்ந்து ஹெக்சனால் என்னும் பொருளை ஆராய்ந்தது. புல்லை அறுக்கும்போது எழும் பச்சை வாசனையில் கலந்திருப்பது அதுவே; காயமுற்ற செடிகள் தாமே சுரப்பது. பழத்தின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கும் நொதியை அது தடுப்பதால், பழம் தளர்வது தள்ளிப்போகிறது.

இதற்கு மாறாகக் கார்பைடு கல்லை வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தக் கல்லைக் கையால் எடுத்து வைப்பவரும், அதன் புகையைச் சுவாசிப்பவரும் கிடங்குத் தொழிலாளியே என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே! நாம் பறித்த காயில் எவரும் தீட்டுக் கண்டதில்லை. நமக்குத் தேநீர் தந்த குவளை மட்டும் தனியாக இருந்தது. அந்தக் காலத்தைக் கல்வியால் வெல்லவே இக்கழகம் 25 ஆண்டுகளாக உழைத்து வருகிறது. 1868இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்கு வந்து, 1971இல் பல்கலைக்கழகமான அந்த வேளாண் கல்விக்கூடம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதன் வாயிலைக் கடந்து தினமும் வேலைக்குப் போகிறோம். இனி அதன் உள்ளேயும் போக வேண்டும். நோயியல் படியுங்கள், குளிர்பதனக் கிடங்கின் நுட்பம் கற்றுக்கொள்ளுங்கள். வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும் என்பதை அறிந்தவர், கிடங்கில் சுமை தூக்குவதோடு நிற்க வேண்டியதில்லை. கிடங்கை நடத்தவும் முடியும்.

வீட்டில் பெற்றோரிடமும் கேளுங்கள். எந்தக் காம்போடு பறிக்க வேண்டும், எந்தக் காய் தாங்கும் என்பதை அவர்களுடைய விரல்கள் அறியும். அந்த விரலறிவும் நூலறிவும் ஓரிடத்தில் கூடும் நாளே நம் கழகத்தின் உண்மையான வெள்ளி விழா.