வேகமா? விவேகமா?



'செய்திக்குத் தேவை வேகமா, விவேகமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி வேகம் வேகம்னு பேசினார். பேசின வேகத்துல என்ன பேசினார்னே நமக்குப் புரியல. (சிரிப்பு)

நான் விவேகத்துக்குச் சாட்சியாக ஒரு மனிதரைக் கூட்டி வருகிறேன். வால்டர் கிராங்கைட். அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1962 முதல் 1981 வரை மாலைச் செய்தி வாசித்தவர்.

இளம் வயதில் கான்சாஸ் சிட்டி வானொலி ஒன்றில் வேலை பார்த்தார். ஒருநாள் மேலதிகாரி ஓடி வந்தார். "நகர மண்டபம் தீப்பிடிச்சு எரியுது, மூணு தீயணைப்பு வீரர்கள் செத்துட்டாங்க, உடனே சொல்லு!" இவர் தொலைபேசியை எடுத்தார். "எதுக்கு?" "தீயணைப்பு நிலையத்துல கேட்டுக்கிறேன்." "தேவையில்லை, என் மனைவியே சொல்லிட்டா!" (பலத்த சிரிப்பு) மனைவி சொன்னபிறகு மேல்முறையீடு உண்டுங்களா? மேலதிகாரியே ஒலிவாங்கியில் சொல்லிவிட்டார். விசாரித்தால் அது சின்னத் தீ, யாரும் சாகவில்லை. வேலை யாருக்குப் போச்சு? விசாரித்த கிராங்கைட்டுக்கு! தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

வேலை போச்சு, பழக்கம் போகல. 1963 நவம்பர் 22. டாலஸ் நகரத்தில் அதிபர் கென்னடி சுடப்பட்டார். சுமார் பத்து நிமிடத்தில் கிராங்கைட் நாட்டுக்குச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்துக் காமிரா சூடேற நேரமாகும். அதனால் முகம் தெரியாமல் குரல் மட்டும் வந்தது. எதிரணி நண்பர்களே, விவேகம் என்றால் தூக்கம் என்று யார் சொன்னது? சுடப்பட்டது உறுதி. உடனே சொன்னார்.

அடுத்து, 'அதிபர் இறந்துவிட்டார்' என்று தகவல் வருகிறது. அதே நிறுவனத்தின் வானொலி அறிவித்தே விட்டது. இவர் என்ன செய்தார்? "இப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது, உறுதியாகவில்லை" என்று மட்டும் சொன்னார். உறுதியான செய்தி கைக்கு வந்தபிறகுதான் மரணத்தை அறிவித்தார். கண்ணாடியைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். குரல் தழுதழுத்தது. ஒரு நாடே அவரோடு அழுதது.

அந்தச் சில நிமிடப் பொறுமை எதற்கு? எங்க தெருவில் ஒருத்தர் இறந்துட்டார்னு கேள்விப்பட்டு மாலையோடு போனாங்க. கதவைத் திறந்து, "வாங்க"ன்னு கூப்பிட்டதே அவர்தான்! (சிரிப்பு) நாம சிரிக்கிறோம். ஆனா வெளியூர்ல இருக்கிற அவர் மகளுக்கு அந்தத் தகவல் போயிருந்தா? அரைமணி நேரம் அந்தப் பெண் பட்டிருக்கும் பாட்டுக்கு எந்த மறுப்புச் செய்தி மருந்து போடும்? (கைதட்டல்) யார் சொன்னாலும் உண்மை எதுவென்று பார் என்றாரே வள்ளுவர், அது இதற்குத்தான்.

1968-ல் வியட்நாம் போர். மேசையில் உட்கார்ந்து பேசாமல் நேரே போய்ப் பார்த்தார். இந்தப் போரில் வெற்றி தெரியவில்லை, இழுபறிதான் என்றார். அதையும் செய்தி என்று சொல்லவில்லை. என் சொந்தக் கருத்து என்று பிரித்துச் சொன்னார். 1972-ல் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். அரசியல் தலைவர்கள் பெயரோடு இவர் பெயரையும் சேர்த்து, யாரை நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். முதலிடம் இவருக்கு!

ஒரு பேராசிரியனாக எனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1935-ல் படிப்பைப் பாதியில் விட்டவர் இவர். 1984-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் தன் இதழியல் பள்ளிக்கு இவர் பெயரைச் சூட்டியது. பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. ஆண்டுதோறும் போய் விருது வழங்கினார், மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார். பட்டம் வாங்காதவர், பட்டம் வாங்குகிற பிள்ளைகளுக்குப் பாடமானார்! (கைதட்டல்) 2009-ல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார்.

நடுவர் அவர்களே! அன்றைக்குச் செய்தி வாசிப்பவர் ஒருவர் நிதானித்தால் போதும். இன்றைக்குக் கைப்பேசி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் செய்தி வாசிப்பவர். கட்டைவிரல் அழுத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி: "விசாரிச்சாச்சா?" வேகம் செய்தியைக் கொண்டு வரும், விவேகம்தான் அதை நம்ப வைக்கும் என்று தீர்ப்பு வழங்குங்கள்.