வடித்துக் கொட்டும் சத்து

(தோட்டக் கிளையின் குடும்பக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

என்னை அழைத்த செயலாளர், "டிரஸ்ஸர் ஐயா, மருந்தைப் பற்றிப் பேச வேண்டாம், சாப்பாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் நான் தோட்டங்களில் மருந்துதான் கொடுத்தேன். காயத்திற்குக் கட்டுப் போட்டேன், ஊசி குத்தினேன், பிரட்டுக்கு வராதவர்களுக்குச் சீட்டு எழுதினேன். எந்த வீட்டு அடுப்படியையும் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. அது என் தவறு என்று இப்போது தெரிகிறது.

ஒரு சம்பவம் சொல்லுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். ஒரு அம்மாள், நல்ல வெட்டுக்காரி. காலில் குச்சி குத்திய சின்னக் காயத்தோடு வந்தார். கழுவிக் கட்டி அனுப்பினேன். பத்து நாள் ஆகியும் ஆறவில்லை. அப்புறம்தான் இரத்தத்தைச் சோதித்தால், இனிப்பு நீர் ஏறி நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மரத்துக்கு மரம் நடக்க வேண்டியவருக்குக் கால் விரல் போனால் என்ன மிச்சம்? "என்னம்மா சாப்பிடுவீர்கள்?" என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். "சோறுதான் ஐயா, உருளைக்கிழங்குப் பிரட்டல், கருவாடு, மூன்று வேளையும் பால் தேநீர்" என்றார். "கீரை?" என்றேன். "அதற்கு யார் நேரம் வைத்திருக்கிறார்கள்?" என்றார்.

இது அந்த ஒரு அம்மாளின் கதை அல்ல. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த கணக்கில், பெரியவர்களில் 100 பேருக்கு 18 பேர் இனிப்பு நீர்க்காரர்கள். நம் இந்தியர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் 31 பேர். அதே கணக்கில், போதுமான அளவு காய்கறியும் பழமும் சாப்பிடாதவர்கள் 100-க்கு 95 பேர். அந்தத் தொண்ணூற்றைந்தில் நானும் இருந்தவன்தான். ஐம்பத்திரண்டாம் வயதில் எனக்கே சர்க்கரை என்று தெரிந்தது. மருந்து அலமாரிச் சாவி இடுப்பில் இருந்தால் வியாதி வராது என்று நினைத்திருந்தேன் போலும்!

நம் சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று ஒரு வழி சொல்லுகிறது. சுக்கு என்றதும் சுக்குக் காப்பி ஞாபகம் வேண்டாம். மலாயில் சுக்கு என்றால் கால் பங்கு, செப்பாரோ என்றால் பாதி. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டு எப்படி இருக்கிறது? முக்கால் தட்டு சோறு, மேலே குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி வெஞ்சனம். அந்த வெஞ்சனமும் உருளைக்கிழங்கு! தாய்மார்களே, உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மாவுப்பொருள், சோற்றுக்குத் தம்பி. மரவள்ளிக்கிழங்கும் அப்படியே. சாம்பாரில் மிதக்கும் இரண்டு கத்தரிக்காய்த் துண்டும் கணக்கில் வராது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையும் பழமுமாக 400 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது.

"அவ்வளவுக்கு எங்கே போவது? பசாரில் விலை என்ன தெரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில், கையில் இருப்பதைக் கொட்டாமல் இருப்பது எப்படி என்று பார்ப்போம்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு சரித்திரம் உண்டு. நூறு வருஷத்திற்கு மேலாகிறது. அந்த நாளில் மலாயாவில் பெரிபெரி என்ற வியாதி ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், நடை தள்ளாடும், மார் அடைத்துச் சாவு வரும். ஈயச் சுரங்கச் சீனத் தொழிலாளிகளுக்கு அது வந்தது. தமிழ்த் தொழிலாளிகளுக்கு அபூர்வம். காரணம் ரத்தமும் அல்ல, சாதியும் அல்ல, அரிசி! சீனர்கள் தீட்டிய வெள்ளைச் சியாம் அரிசி சாப்பிட்டார்கள். நம்மவர்கள் புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். 1905-1906-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் போட்டு, ஒற்றைப்படைக்காரர்களுக்கு ஒரு அரிசியும் இரட்டைப்படைக்காரர்களுக்கு இன்னொரு அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி தின்றவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசி தின்றவர்களில் ஒருவர்கூட அதனால் சாகவில்லை. பிறகு பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், தீட்டி எறிகிற தவிட்டில்தான் காக்கும் சத்து இருக்கிறது என்று காட்டினார்கள். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் புழுங்கல் அரிசியைச் சத்துக்காக வாங்கவில்லை, பழக்கத்திற்காக வாங்கினார்கள். அது உயிரைக் காத்தது. இன்று நாம்தான் வெள்ளையாக இருந்தால் உயர்ந்தது என்று மாறிவிட்டோம்.

கீரையிலும் இதே கூத்துதான். சிறுகீரையைப் பொடியாக நறுக்கி, நறுக்கியதைத் தண்ணீரில் அலசி, குண்டான் நிறையத் தண்ணீர் வைத்து அரை மணி வேகவைத்து, அந்தப் பச்சைத் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டுகிறோம். சத்து போவது சாக்கடைக்கு! முதலில் முழுக் கீரையாகக் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள். கழுவிய ஈரமும் ஒரு கை தெளித்த தண்ணீரும் போதும். சட்டியை மூடாமல் ஐந்து நிமிஷம் வதக்கினால் நிறமும் பச்சையாக நிற்கும். கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பூவோ அவசியம் சேர்க்க வேண்டும். கீரையில் இருக்கும் கண்ணுக்கான சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். நெற்றி விளக்கோடு இருட்டில் மரத்தடிக்குப் போகிறவர்களுக்குக் கண் முக்கியம் அல்லவா? முருங்கைக்கீரை என்றால் பாசிப்பருப்பை முக்கால் பதம் வேகவைத்து, உருவிய கீரையைக் கடைசியாகப் போட்டு, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் போதும். கங்கோங் கீரைக்கு ஒரு பிடி நெத்திலியும் பூண்டும் தட்டிப் போட்டால் பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்னும். தண்டை எறியாதீர்கள், அதை இரண்டு நிமிஷம் முன்னால் போட்டு, இலையைப் பின்னால் போடுங்கள்.

இரத்தம் குறைந்த பெண்கள் நம் தோட்டங்களில் அதிகம். கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் உடம்பு அதை இலேசில் ஏற்றுக்கொள்ளாது. சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள், அப்போது ஏறும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் ஏறுவதும் நின்றுவிடும். தேநீரை விடச் சொல்லவில்லை; அதைச் சொன்னால் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், கெட்டிப்பாலைக் குறைத்துக் குடியுங்கள்.

தண்ணீரைக் கொட்டாதே என்றேன். கொட்டவே வேண்டிய கீரையும் ஒன்று உண்டு. அது மரவள்ளிக் கொழுந்து. ஜப்பான்காரன் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி இல்லாமல் நம் பெற்றோர் கிழங்கையும் கொழுந்தையும் தின்றே பிழைத்தார்கள். அதில் விஷம் உண்டு. நன்றாக இடித்தோ பொடியாக நறுக்கியோ, திறந்த சட்டியில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். என் தாயார் இதை எனக்குச் சொன்னபோது, "பசியிலும் பொறுமை வேண்டும்" என்றார். சாயூர் மானிஸ் கீரையைச் சமைத்துத் தின்பதில் குற்றமில்லை. ஆனால் உடம்பு இளைக்கப் பச்சைச் சாறாக அடித்துக் குடிக்காதீர்கள். 1994, 1995 வாக்கில் தைவானில் அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரலே கெட்டுவிட்டது. களைக்கொல்லி அடித்த நிரையில் முளைத்த கீரையையும் பறிக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எதைத் தின்னலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாகற்காய்ச் சாறு குடிக்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் என்னிடம் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? காய் காய்தான், மாத்திரை மாத்திரைதான். இரண்டும் வேண்டும்.

ஆண்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டம்மாவும் உங்களோடு நாலரை மணிக்கு எழுந்து, பால் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வருகிறார். வந்ததும் நீங்கள் நாற்காலியில், அவர் அடுப்படியில். அப்புறம் "கீரை ஏன் இல்லை?" என்று கேட்டால் எப்படி? கீரை ஆய்வதற்கு உட்கார்ந்த இடமும் இரண்டு கையும் போதும். கிராணிமார்களும் சிரிக்க வேண்டாம், உங்களையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே குறைவு.

இப்போது விலைக்கு வருகிறேன். நான் சிறுவனாக இருந்த 1960-களில் எங்கள் லயத்துப் பின்னால் வீட்டுக்கு வீடு வேலி உண்டு. என் தாயார் போட்ட அவரைப் பந்தல், புடலை, பாகல், வேலியோரம் முருங்கை. ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் மட்டும்தான் கடையில் வாங்குவோம். பிறகு மறுநடவு என்று சொல்லி வேலியைப் பிடுங்கிச் சுவர் வரைக்கும் கன்று நட்டார்கள். வாய் திறந்து கேட்க யாரும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழேயே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிர் செய்யவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. அவ்வளவு வேண்டாம், அதில் கால் பங்கு இருந்தாலும் ஒரு குடும்பத்துக் கீரைக்குப் போதும். கூலி உயர்வைக் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். உயர்ந்த கூலி பசாரிலேயே கரைந்து போகாமல் இருக்க நிலத்தையும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

லயத்துப் பின்னால் ஓடைவரைக்கும் சும்மா கிடக்கும் நிலத்தைத் தோட்டம் போட விட வேண்டும் என்று கிளை ஒரு மனு எழுதியிருக்கிறது. செயலாளர் மேசையில் இருக்கிறது. பெண்களும் கையெழுத்துப் போடுங்கள். என் வீட்டு முருங்கையில் வெட்டிய பன்னிரண்டு போத்து கொண்டுவந்திருக்கிறேன். மண்டபத்து வாசலில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டில் ஊன்ற வேண்டும், தலையில் சாணி அப்ப மறக்கக் கூடாது.