ஏனுங்க, கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்கலாமா?

(மூன்று நாள் பயணத்துக்கு முன்பு கோவையில் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வேன் கிளம்புகிறது. மூன்று நாள், பதினான்கு பேர். பெண்கள் ஆறு, ஆண்கள் எட்டு. எங்கெங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று விளக்கச் சொல்லி என்னைக் கேட்டார்கள். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அவிநாசி, கொடுமணல், சென்னிமலை, அறச்சலூர் வழியாக ஈரோடு. இரண்டாம் நாள் ஈரோடும் திருச்செங்கோடும். மூன்றாம் நாள் பவானி, கோபி, சத்தி, மேட்டுப்பாளையம் வழியாகத் திரும்பக் கோவை.

கொங்கு நாட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று போனில் தேடிப் பாருங்கள். ஆதியோகி சிலை வரும், மருதமலை வரும், கோவைக் குற்றாலம் வரும், ஊட்டி ரயில் வரும், கூடவே பள்ளிபாளையம் சிக்கனும் வரும். எனக்கு இதில் சண்டை ஒன்றுமில்லை. கொடிவேரி அணையில் நாமும் குளிக்கப் போகிறோம், வறுத்த மீனும் தின்னப் போகிறோம். ஊத்துக்குளி வெண்ணெய் வாங்குகிறவர்கள் வாங்கலாம். ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர் யாரோ, அவருக்கு எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் நுழைவதற்கு யோசிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. நமக்கு இருக்கிறது.

தங்குவதற்கு இடம் பிடித்த கதையைச் சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. தென்னந்தோப்பு, கிணற்றுக் குளியல், நாட்டுக்கோழிக் குழம்பு என்று படம் போட்டிருந்தார்கள். போன் செய்தேன். பேசியவர் அவ்வளவு மரியாதை. "சொல்லுங்க தம்பி, எந்த ஊருங்க நீங்க?" என்றார். சொன்னேன். "ஊருக்குள்ள எங்கீங்க?" என்றார். அதையும் சொன்னேன். "என்ன கூட்டமுங்க?" என்றார். கொங்குப் பக்கம் கூட்டம் கேட்டால் அது எந்தச் சாதிக்குள் கேட்கிற கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். "வாசிக்கிற கூட்டமுங்க, பதினாலு பேர்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அந்தத் தேதிகளில் இடமில்லை என்று செய்தி வந்துவிட்டது. ஆகவே ஈரோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கிணறு கிடையாது, கொசு உண்டு.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். கோவைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் 'ஏனுங்க', 'வாங்க', 'சொல்லுங்க' என்பதைக் கேட்டு மயங்கிப் போகிறார்கள். அந்த 'ங்க' எங்கே நிற்கிறது என்று இந்த மூன்று நாளும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அறுபது வயது அருந்ததியர் பெரியவரைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிட, அந்தப் பெரியவர் அவனுக்குச் 'சாமி' போட்டுப் பதில் சொன்னதும் இதே கொங்குத் தமிழில்தான். இப்போது எவ்வளவோ குறைந்திருக்கிறது. தானாகக் குறையவில்லை.

டீக்கடைக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். கிராமத்துக் கடைகளில் இரட்டைக் குவளை இன்று பல இடங்களில் காகிதக் குவளையாக மாறிவிட்டது. சுத்தத்துக்காக என்பார்கள். எல்லோருக்கும் காகிதம் என்றால் பிரச்சினை இல்லை. யாருக்குக் கண்ணாடி, யாருக்குக் காகிதம் என்று கவனியுங்கள். நாம் பதினான்கு பேரும் கண்ணாடி டம்ளரே கேட்போம். கடைக்காரரிடம் வம்பு வேண்டாம், கேட்டால் போதும்.

இனி வழி. அவிநாசி சாலையில் புது மேம்பாலத்தில் ஏறமாட்டோம். 2025 அக்டோபரில் திறந்தார்கள், 10 கிலோமீட்டர் நீளம், ஜி.டி. நாயுடு பெயர். தெருப்பெயர்களில் சாதியை நீக்க அரசு உத்தரவு போட்ட அதே மாதத்தில் இந்தப் பெயர் சூட்டப்பட்டதையும், அதையொட்டி நடந்த சண்டையையும் நீங்களே பார்த்தீர்கள். ஜி.டி. நாயுடு பெரிய விஞ்ஞானி, அவரது கார் காட்சியகத்தை இன்னொரு நாள் அவசியம் பாருங்கள். அவருடைய கண்டுபிடிப்புகளுக்கும் பெயருக்குப் பின்னால் நிற்கிற நாயுடுவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. நாம் கீழ்ச்சாலையிலேயே போய்ச் சின்னியம்பாளையத்தில் வண்டியை நிறுத்துகிறோம். 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். அவர்கள் நினைவிடத்தில் பத்து நிமிடம்.

அவிநாசி வட்டாரத்தைத் தாண்டும்போது பாப்பாள் அம்மாவின் கதையை வேனில் பேசுவோம். திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் 2018 ஜூலையில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளி முன் திரண்டார்கள். அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுத்தார்கள், பாப்பாள் மீது! அவரை இடமாற்றம் செய்தார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் உத்தரவு திரும்பியது. இந்தப் பயணத்தில் நாம் மூன்று நாளும் கொங்குச் சமையலைப் புகழ்ந்து தின்னப் போகிறோம். அரிசிம்பருப்புச் சோற்றை யார் கையால் ஆக்கினால் ருசிக்கும், யார் கையால் ஆக்கினால் பள்ளிக்கூடமே கலவரமாகும் என்பதும் அந்தச் சமையலில் சேர்த்திதான்.

கொடுமணலில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நொய்யல் கரை, வயல், கல்வட்டங்கள். ஆனால் பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடுகிற ஊர் அது. இரும்பு உருக்கியிருக்கிறார்கள், கல்மணி செய்திருக்கிறார்கள், பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஏற்றத்தாழ்வே இல்லை என்று அந்த ஓடுகளைக் காட்டி நான் வாதிடப் போவதில்லை. உழைத்துப் பிழைத்தவர்களுக்கு எழுத்து தெரிந்திருந்தது, அவ்வளவு சொல்லலாம். சென்னிமலையில் திருப்பூர் குமரன் பிறந்த ஊர் என்று ஒரு படம், தறி வீடுகளில் ஒரு போர்வை, நகர்ந்துவிடுவோம்.

அறச்சலூரில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் நாகமலைக் குகை. அங்கே ஒரு பாறையில் தாளச் சொற்களைக் கட்டம் கட்டி வெட்டியிருக்கிறார்கள். இடவலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே மாதிரி வரும். இசைக் கல்வெட்டு என்கிறார்கள். எழுத்துகளைச் சேர்த்தவர் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற பெயரும் அங்கேயே இருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னும் காசும் சோதித்துப் பார்க்கிற தொழிலர். கல்லில் கிடக்கிற தாளத்துக்குத் தொல்லியல் துறை பாதுகாப்பு கொடுக்கிறது. தோலில் அடிக்கிற தாளத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சாவு வீட்டு வாசலிலும் கோயிலுக்கு வெளியிலும் நிறுத்தி வைத்தோம். அந்தப் பாறையின் முன் நின்று நம் தோழர் ஒருவர் பறை இசைக்க விரும்பினார். பழைய கல்வெட்டுப் பக்கத்தில் வேண்டாம், மலையடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அடுத்தது ஓடாநிலை. தீரன் சின்னமலை கோட்டை கட்டிய இடம். மணிமண்டபம் இருக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று அரசு விழா. கொடி கட்டிய கார்கள் சாலையை அடைத்து நிற்கும், எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருவார்கள். வெள்ளையனை எதிர்த்து 1805ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கில் தொங்கியவர், மாலை போடுவதில் தவறில்லை. ஆனால் விழா முடிந்து கார்கள் போகிற போக்கைப் பார்த்தால், அவர் எதிர்த்தது கும்பெனியையா பக்கத்து வளவையா என்று சந்தேகம் வந்துவிடும்.

அதே வட்டாரத்தில்தான் பொல்லான். சின்னமலையின் படையில் இருந்த அருந்ததியர். கும்பெனிப் படையின் திட்டத்தைச் செருப்புக்குள் மறைத்து அனுப்பி எச்சரித்தவர் என்பது மக்கள் வழக்கு. நல்லமங்காபாளையத்தில் வெள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆடி முதல் நாள் அவரது நினைவு நாள். அவருக்கு ஒரு மணிமண்டபம் கேட்டு அருந்ததியர் இயக்கங்கள் எத்தனை ஆண்டு மனுக் கொடுத்தன! அப்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: ஆதாரம் எங்கே? சின்னமலைக்குக் கும்மிப் பாட்டும் ஊர்க்கதையும் ஆதாரமாகப் போதும். பொல்லான் என்றால் மட்டும் வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். எழுத்து யார் கையில் இருந்தது, கதை யார் வாயில் இருந்தது என்று யோசித்தால் இந்த வழக்கின் தீர்ப்பு தெரிந்துவிடும். கடைசியில் ஜெயராமபுரத்தில் 2025 நவம்பரில் அரசே சிலையோடு மணிமண்டபம் திறந்தது. இரண்டு மண்டபங்களையும் ஒரே பிற்பகலில் பார்க்கிறோம். உள்ளே இருப்பதைப் பார்த்த பிறகு, வெளியே பெயர்ப்பலகையையும், வந்து போகிறவர்களின் வண்டியையும், பக்கத்து டீக்கடையில் வழி கேட்டால் வருகிற பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள். இரவு லாட்ஜில் பேசுவோம்.

இரண்டாம் நாள் காலை ஈரோட்டில் பெரியார் வீடு. 1925 மே 2 அன்று குடி அரசு தொடங்கிய ஊர். அதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். 1929ல் குத்தூசி குருசாமி ஆதிதிராவிடத் தோழர்களை அழைத்துக்கொண்டு ஈரோடு ஈசுவரன் கோயிலுக்குள் நுழைந்தார். மதுரை ஆலய நுழைவுக்குப் பத்தாண்டு முன்பு. அந்தக் கோயில் வாசல் வரை நடந்தே போகிறோம்.

பிறகு திருச்செங்கோடு. இந்தக் கூட்டமே இதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழகான மலை. படியோரம் பாறையில் பெரிய நாகம் செதுக்கியிருக்கும். அறுபதாம் படியில் சத்தியம் செய்து வழக்குத் தீர்த்தது பழைய நடைமுறை. கீழே ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும், இந்தியா முழுக்க ஓடுகிற வண்டிகள். மேலே ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கிற சாமி. இந்த ஊரை வைத்துப் பெருமாள்முருகன் 2010ல் எழுதிய மாதொருபாகனுக்காக, 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரையே அறிவிக்க வைத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 23 அன்று கோகுல்ராஜ் இந்த மலைக்கு வந்தார். ஓமலூர்க்காரர், பொறியியல் படித்தவர், 21 வயது, தலித். உடன் படித்த தோழியோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். தோழி கவுண்டர் வீட்டுப் பெண். அங்கிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை துண்டான உடல். கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் வழக்கைத் தாங்கி நின்றது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டின்போது, 2023 ஜனவரியில், உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரில் வந்து கேமரா இருந்த இடங்களையும் வாசல்களையும் பார்வையிட்டார்கள். அந்த ஜூனில் முதன்மைக் குற்றவாளி உள்ளிட்டோரின் ஆயுள் தண்டனை உறுதியானது.

நம் வேனில் ஆணும் பெண்ணும் இருக்கிறோம். பல சாதியில் பிறந்தவர்கள் இருக்கிறோம். திருச்செங்கோட்டை விட்டுவிடலாம் என்று மூன்று தோழர்கள் சொன்னார்கள். ஒரு தோழரின் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எம்புள்ளைய அந்த மலைக்கு மட்டும் கூட்டீட்டுப் போவாதீங்க கண்ணு" என்றார். அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? கோகுல்ராஜின் அம்மாவும் மகன் கோயிலுக்குத்தானே போனான் என்றுதான் இருந்திருப்பார்.

போகலாம் என்பதே என் கருத்து. ஒரு கோயில் படியில் நண்பர்கள் இருவர் உட்கார்ந்து பேசுவது ஆபத்து என்ற எண்ணம் நம் தலையில் தங்கிவிட்டால், தண்டனை பெற்றவர்கள் சிறையில் இருந்தபடியே ஜெயித்துவிடுகிறார்கள். ஆனால் இதை வீரதீரப் பரீட்சையாக்க நான் தயாரில்லை. விருப்பமில்லாத தோழர்கள் ஈரோட்டிலேயே இருக்கலாம், அவர்களைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கக் கூடாது. ஏறுகிறவர்கள் சேர்ந்து ஏறுவோம், சேர்ந்து இறங்குவோம். திருச்செங்கோட்டுத் தோழர்கள் இருவர் உடன் வருகிறார்கள், வழக்கறிஞர் ஒருவரின் எண்ணை எல்லோருக்கும் தருகிறேன். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து பொரிகடலை தின்றுவிட்டு வருகிறோம்.

இறங்கியதும் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ராஜாஜியோடு நமக்குக் குலக்கல்வி வரை ஆயிரம் பாக்கி இருக்கிறது. ஆனாலும் 1925ல் அந்த ஆசிரமத்தில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டதற்குச் சுற்றுவட்டாரம் என்ன செய்தது என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள் பவானியில் ஜமக்காளத் தறி. பிறகு கோபி. சின்னக் கோடம்பாக்கம் என்று பெயர் வாங்கிய பகுதி, பச்சை வயலைப் பார்த்ததும் பின்னணி இசை தானாகக் கேட்கும். நாட்டாமையும் எஜமானும் நீதி சொல்கிற படங்களைப் பார்த்தே வளர்ந்தோம். சொம்பும் ஆலமரமும் நினைவிருக்கும், அந்தப் பஞ்சாயத்தில் கைகட்டி நின்றவரின் பெயர் நினைவிருக்காது. கோபியில் நாம் தேடிப் போவது ஜி.எஸ். லட்சுமண ஐயரின் நினைவை. தலித் மக்களோடு புழங்கியதற்காகச் சொந்தச் சாதியால் ஒதுக்கப்பட்டவர். நகராட்சித் தலைவராக இருந்தபோது உலர் கழிப்பறைகளை ஒழித்து, மலம் அள்ளும் வேலைக்கு முடிவு கட்டியவர். பெயரில் ஐயர் இருக்கிறதே என்று யாராவது என்னை மடக்கலாம். மேம்பாலத்துக்குச் சொன்னதையே இதற்கும் சொல்கிறேன், அந்த ஒட்டை எடுத்துவிட்டாலும் அவர் செய்த வேலை அப்படியே நிற்கும்.

சத்தியிலிருந்து மேட்டுப்பாளையம். மலை ரயிலைப் பார்க்க உலகமே வருகிற ஊர். நடூருக்கு யாரும் வருவதில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஒரு வசதியான வீட்டின் இருபது அடி உயரச் சுற்றுச்சுவர் தலித் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். சுவர் ஆபத்தானது என்று அந்த மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றே அதை அழைத்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மீது தடியடி, கைது. இரண்டு பிள்ளைகளையும் இழந்த ஒரு தந்தை, டீக்கடைத் தொழிலாளி, அவர்களின் கண்களைத் தானம் செய்தார்.

அங்கே நாம் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அந்தப் பகுதித் தோழர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர்கள் வாசகசாலைக்குப் புத்தகம் கொண்டு போகிறோம். போனை வேனிலேயே வைத்துவிட்டு வாருங்கள். செல்பி, வீடியோ, கண்ணீர்ப் பதிவு எதுவும் வேண்டாம். யாராவது பேச வந்தால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள், "இப்பத்தான் குடிச்சோமுங்க" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தையை அவர்கள் வாழ்நாள் முழுக்க வேறு ஆட்களிடம் கேட்டிருக்கிறார்கள்.

உடுமலைப்பேட்டை ஏன் இல்லை என்று ஒரு தோழர் கேட்டார். தெற்கே போனால் நாள் போதாது. அதற்கு மார்ச் 13 அன்று, சங்கர் நினைவு நாளில், தனியாகப் போவோம்.

மற்றபடி, ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி. ஆதார் அசலை எடுத்து வாருங்கள், லாட்ஜில் கேட்பார்கள். வேறு சான்றிதழ் ஏதாவது கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள். வேன் வாடகைப் பங்கு இன்னும் நான்கு பேர் தரவேண்டியிருக்கிறது, போவதற்குள் கொடுத்துவிடுங்கள்.