பறத்தலும் பள்ளி மாணவரும்

பெங்களூரில் உள்ள விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில், ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-இல் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவரை அதன்முன் நிறுத்தி, இறக்கை ஏன் மேலெழுகின்றது என்று கேட்போமாயின், "மேற்புறப் பாதை நீளமானது, கீழ்க்காற்றோடு ஒரே நேரத்தில் சென்று சேர மேற்காற்று விரைகின்றது" என ஒப்புவிப்பர். நாமும் அவ்வாறே கற்பித்து வந்தோம். அது பிழை. இரண்டும் ஒருங்கே சேரவேண்டும் என்னும் நியதி இல்லை. தட்டையான காகித விமானமும் மிதக்கின்றதன்றோ? இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது; அதன் எதிர்விளைவாகவே தான் மேலெழுகின்றது.

ரைட் சகோதரரும் ஏட்டுக் கணக்கை நம்பி ஏமாந்தவர்களே. 1901-இல் அவர்களுடைய பொறியற்ற விமானம் எதிர்பார்த்தபடி எழவில்லை. உடனே காற்றைச் செலுத்தும் பெட்டி ஒன்றைத் தாமே செய்து, ஏறக்குறைய 200 சிறு இறக்கைகளைச் சோதித்தனர். அவ்வுழைப்பின் பயனே 1903-இல் 12 விநாடிகளில் 120 அடி பறந்த அந்த முதற்பயணம்.

ஆகவே, மாணவருக்கு விமானத்தைக் காட்டுவதோடு நில்லாது, அட்டையும் நூலும் மின்விசிறியும் கொடுத்துச் சோதிக்கச் செய்வோம். நாம் கூறும் விடையையும் அவர்கள் ஐயுற்று ஆராயட்டும்.