செத்த மீனும் சாட்சி சொல்லும்
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கிந்தா பள்ளத்தாக்கிலே ஈயம் தோண்டிய குழிகள் இன்று குட்டைகளாகவும் ஏரிகளாகவும் நிற்கின்றன. தோட்டங்கள் பல கைமாறிப் போய்விட்டன. குட்டைகள் நம்மோடு இருக்கின்றன. அவற்றிலே தூண்டில் போட்டுக் கறிக்கு மீன் கொண்டுவருகிறோம். ஒரு நாள் காலையில் மீன்களெல்லாம் செத்து மிதந்தால் என்ன செய்கிறோம்? "எவனோ மருந்து ஊற்றிவிட்டான்" என்று கூச்சலிடுகிறோம். மூன்றாம் நாள் மீனும் அழுகிவிடும், நீரும் மாறிவிடும். பிறகு யாரிடம் நியாயம் கேட்பது?

பால் நிறுவையில் தகராறு வந்தால் வாய்ச்சொல் செல்லாது. எழுதிய கணக்குத்தான் பேசும். குட்டைக்கும் அப்படியே.

2016 மார்ச்சு மாதம் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடை நீர் கலந்து, ஏரியில் பிராணவாயு குறைந்ததே காரணம் என்றார்கள். விஷம் ஊற்றாமலே மீன் சாகும் என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாசி பகலில் பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே விடியுமுன்தான் நீரில் அது மிகக் குறைவு. ஆழமான குட்டையில் பெருமழை பெய்தால் அடித்தண்ணீர் மேலே புரண்டும் இந்தக் கேடு வரலாம். ரப்பர் பாலை உறையவைத்த கழிவுநீர் கலந்தாலும் அப்படியே: அதிலுள்ள சத்தைத் தின்னும் கிருமிகள் பிராணவாயுவைக் குடித்துவிடும். பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவோ மீனுக்கு நேரான நஞ்சு.

எப்படிக் கண்டறிவது? பெரிய மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளந்தால் பிராணவாயுக் குறை என்று சந்தேகிக்கலாம். விராலும் கெளுத்தியும் மேல்காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. திலாப்பியா செத்து, இவை பிழைத்திருந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். பெரிசு சிறிசு பாராமல் எல்லாம் ஒருசேரச் செத்தால் நஞ்சைத் தேடவேண்டும். இவை குறிப்புகளே, தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு அளவு வேண்டும்.

பிராணவாயுவை அங்கேயே, கருவி கொண்டு, விடியுமுன் அளக்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நலம். 2க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்கமாட்டா. நண்பகலில் அளந்துவிட்டு "தண்ணீர் நன்றாயிருக்கிறது" என்று யாரேனும் சொன்னால், எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேளுங்கள். கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வாய்க்கால் வந்து விழும் இடத்தில் ஒன்று என நீர் எடுக்க வேண்டும். அமிலம், அம்மோனியா, நீரின் சூடு, நிறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 1978இல் ரப்பர் ஆலைக் கழிவுநீருக்கென்றே தனி விதிகளும் வந்தன. சட்டம் ஏட்டிலே இருந்தால் போதாது. அதன் முன் வைக்க நம்மிடம் கணக்கு வேண்டும்.

ஆகவே தோழர்களே, மீன் மிதந்தால் அன்றைக்கே சுற்றுச்சூழல் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் சொல்லுங்கள். விடியுமுன் மரத்துக்குப் போகும் பால்வெட்டுக்காரரே முதலில் காண்பவர். அவர் பார்த்து வந்து சொல்லட்டும். கிராணியார் நாள், மணி, மழை, செத்த மீனின் வகை அத்தனையும் எழுதி வைக்கட்டும். காரணம் தெரியும்வரை அந்த மீனைச் சட்டியில் போடாதீர்கள். பிள்ளைகளைக் குட்டையில் இறங்கவிடாதீர்கள்.

குற்றவாளி இருந்தால் கணக்கு அவனைக் காட்டும்; இல்லாவிட்டால் வீண்பழியிலிருந்து ஒருவனைக் காக்கும். இரண்டும் நம் கடமையே.